பெட்டியா, கம்ப்யூட்டரா? கேமரா ரெக்கார்டர் வாங்கும் முன் ஒரு ஒப்பீடு

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக்கடை. காலை ஒன்பது மணிக்குக் கடைக்கார அக்காவிடமிருந்து போன். "தம்பி, கல்லாவுல காசு குறையுது. நேத்து ராத்திரி என்ன ஆச்சுன்னு கேமராவுல பாக்கலாம்னா ஒண்ணுமே வர மாட்டேங்குது. செத்த வந்துட்டுப் போ."

போனேன். கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த டி.வி.யில் எட்டுப் படமும் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தன. மவுஸை எடுத்துப் பிளேபேக் பக்கத்தைத் திறந்தேன். ரெக்கார்டிங் உள்ள நாள்களை மட்டும் காலண்டர் நிறம் போட்டுக் காட்டும். அந்த மாதம் மொத்தமும் வெறுமை. முந்தைய மாதமும் வெறுமை. பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். ஏழு மாதத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமையில்தான் கடைசி நிறம் நின்றிருந்தது. செட்டிங்கில் பார்த்தால் ஓவர்ரைட் ஆஃப். டிஸ்க் நிரம்பியதும் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுத அந்த ரெக்கார்டர் பெட்டிக்கு அனுமதி இல்லை. நிரம்பிய அன்றே எழுதுவதை நிறுத்திவிட்டது. நிறுத்தியதைச் சொல்ல 'கீ கீ' என்று கத்தியும் இருக்கிறது. சத்தம் தாங்கவில்லை என்று வந்து பார்த்த ஒருவர், காரணத்தைப் பார்க்காமல் பீப் ஒலியை மட்டும் அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். அக்கா டி.வி.யையே பார்த்துக்கொண்டு நின்றார். "தெனம் ஓடிட்டுதானே இருந்துச்சு தம்பி" என்றார்.

அதே வருடம் புதுச்சேரியில் ஒரு தங்கும் விடுதி. பதினாறு கேமரா. அங்கே பெட்டி கிடையாது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் சாஃப்ட்வேர் போட்டு ரெக்கார்டிங் எடுத்தார்கள். விண்டோஸ் நள்ளிரவில் அப்டேட் ஆகித் தானாக ரீஸ்டார்ட் ஆனது. பாஸ்வேர்டு கேட்கும் திரையிலேயே நின்றுவிட்டது. யாரும் லாகின் செய்யாததால் சாஃப்ட்வேர் எழும்பவே இல்லை. மானிட்டரை அணைத்தே வைத்திருப்பார்கள் என்பதால் பதினோரு நாள் யாருக்கும் தெரியவில்லை.

கடலூர், புதுச்சேரி, பண்ருட்டி என்று கேமரா வேலைக்கு அலைகிற எனக்கு இந்த இரண்டும் பெரிய பாடம். "அண்ணே, டி.வி.ஆர். போடலாமா, கம்ப்யூட்டர்லயே சாஃப்ட்வேர் போட்டுக்கலாமா? எது நல்லது?" என்று யார் கேட்டாலும் இப்போது நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ரெக்கார்டிங் நின்றுபோனால் உங்கள் இடத்தில் அதைக் கண்டுபிடிக்கப்போவது யார்? அந்த ஆளின் பெயரைச் சொல்ல முடிந்தால் இரண்டில் எதை வேண்டுமானாலும் பேசலாம். சொல்ல முடியாவிட்டால் சாஃப்ட்வேர் பக்கம் போகவே வேண்டாம்.

எதெது என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டி.வி.ஆர். என்பது கோஆக்சியல் ஒயரில் வரும் அனலாக் எச்.டி. கேமராக்களுக்கான பெட்டி. என்.வி.ஆர். என்பது நெட்வொர்க் ஒயரில் வரும் ஐ.பி. கேமராக்களுக்கானது. இரண்டுமே உள்ளே ஒரு சின்ன செயலியும், லினக்ஸ் அடிப்படையில் ஆன நிலையான மென்பொருளும், ஹார்ட் டிஸ்கும் கொண்ட தனிப் பெட்டிகள். ரெக்கார்டிங் தவிர வேறு வேலை தெரியாது. சாஃப்ட்வேர் ரெக்கார்டர் என்றால் சாதாரணக் கம்ப்யூட்டரிலோ மினி பி.சி.யிலோ நாமே போட்டுக்கொள்வது. விண்டோஸில் புளூ ஐரிஸ், மைல்ஸ்டோன் எக்ஸ்ப்ரொடெக்ட், ஏஜென்ட் டி.வி.ஆர்.; லினக்ஸில் ஃபிரிகேட், சோன்மைண்டர் போன்றவை. புளூ ஐரிஸுக்குக் காசு கட்ட வேண்டும். எக்ஸ்ப்ரொடெக்ட்டின் எசென்ஷியல் பிளஸ் பதிப்பு எட்டு கேமரா வரை இலவசம். ஃபிரிகேட்டும் சோன்மைண்டரும் திறமூல மென்பொருள்கள்.

பெட்டியின் பெரிய பலம், அதில் நோண்டுவதற்கு ஒன்றும் இல்லாததுதான். கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்து ரெக்கார்டிங்கைத் தொடங்கிவிடும். அதில் யாரும் டாலி போட மாட்டார்கள், சினிமா பார்க்க மாட்டார்கள், பென்டிரைவ் சொருகி வைரஸ் ஏற்ற மாட்டார்கள். கடலூரில் நான் பார்த்த சாஃப்ட்வேர் ரெக்கார்டர்களில் பாதிக்கு மேல் கெட்டது சாஃப்ட்வேரால் அல்ல. பில் போட ஒரு கம்ப்யூட்டர் குறைந்தது என்று ரெக்கார்டர் கம்ப்யூட்டரையே எடுத்துப் போய்விட்டார்கள், அல்லது அதிலேயே பில் போட ஆரம்பித்துவிட்டார்கள். கம்ப்யூட்டர்தான் போடுவது என்று முடிவெடுத்தால் அது கேமராவுக்கு மட்டுமான கம்ப்யூட்டராக இருக்க வேண்டும். கீபோர்டைக்கூட கழற்றி வைத்துவிடுங்கள்.

சரி, அப்படியென்றால் சாஃப்ட்வேர் எதற்கு? தேடுவதற்கு.

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி ஆலை. பருப்பு மூட்டை ஒன்று கணக்கில் குறைந்தது. என்று குறைந்தது என்று தெரியாது. வெள்ளிக்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் நடுவில் ஏதோ ஒரு நேரம். கிடங்கு வாசலில் ஒரு கேமரா, பின்பக்கம் ஒரு கேமரா. பெட்டியில் அசைவு இருந்த நேரத்தைச் சிவப்புக் கோடாகக் காட்டும் மோஷன் தேடல் இருந்தது. ஆனால் பின்பக்கம் வேப்பமரம். இலை அசைந்தாலும் மோஷன், நாய் போனாலும் மோஷன், இரவில் லென்ஸ் முன்னால் சிலந்தி வலை ஆடினாலும் மோஷன். நாலு நாளும் முழுக்கச் சிவப்புக் கோடுதான். ஆலைக்காரரின் மகனும் நானும் எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டி, மாறி மாறிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தோம். கடைசியில் மூட்டை தவறுதலாக வேறு லோடில் ஏறிப் போயிருந்தது தெரிந்தது. யாரும் திருடவில்லை. ஆனால் அதுவரை அந்த ஆலையில் வேலை செய்த பெண்கள் ஒவ்வொருவர் முகத்தையும் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எனக்கு ரொம்பவே உறுத்தியது.

பிறகு அங்கே ஒரு மினி பி.சி. வாங்கி ஃபிரிகேட் போட்டோம். ஃபிரிகேட் படத்தில் எங்கே அசைகிறது என்று முதலில் பார்க்கும். அசைந்த இடத்தை மட்டும் எடுத்து அது மனிதரா, வண்டியா, நாயா என்று அடையாளம் காணும். இலையை விட்டுவிடும். "பின்பக்கக் கேமரா, மனிதர், ஞாயிறு" என்று வடிகட்டினால் அந்த நாளில் வந்துபோன ஆள்களின் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக நிற்கும். தொட்டால் அந்த நொடியின் வீடியோ ஓடும். ஒரு பகல் வேலை பத்து நிமிடமாகிறது. கேள்வி எழுந்த அன்றே பதில் கிடைத்தால் யார் மீதும் வீண் சந்தேகம் நாள்கணக்கில் தங்காது. சாஃப்ட்வேரை நான் விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

இப்போது வரும் என்.வி.ஆர்.களிலும் ஆள், வண்டி பிரித்தறியும் வசதி உண்டு. கேமராவிலேயே இருப்பதும் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே கம்பெனியாக இருந்தால்தான் பெரும்பாலும் முழுசாக வேலை செய்யும். வேறு கம்பெனி கேமராவை ஓன்விஃப் வழியாக இணைத்தால் படம் வரும், ரெக்கார்டிங் ஆகும், ஆனால் அந்த அறிவு பல நேரம் வராது. ஓன்விஃப் என்பது 2008-இல் ஆக்சிஸ், போஷ், சோனி மூன்றும் சேர்ந்து தொடங்கிய பொதுத் தரம். வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கானது. சாஃப்ட்வேர் ரெக்கார்டருக்குக் கேமரா எந்தக் கம்பெனி என்பது பெரிய விஷயமே இல்லை. ஆர்.டி.எஸ்.பி. ஸ்ட்ரீம், அதாவது நெட்வொர்க் வழியே நேரடிப் படம் அனுப்பும் பொதுவான வழி, இருந்தால் போதும். இதில் பலருக்குத் தெரியாத ஒரு வழியும் இருக்கிறது: பழைய அனலாக் கேமராக்கள் மாட்டிய டி.வி.ஆர்.கூட பெரும்பாலும் ஒவ்வொரு சேனலையும் ஆர்.டி.எஸ்.பி.யாக வெளியே கொடுக்கும். ஒயர் எதையும் பிடுங்காமல், அந்தப் பெட்டியைப் பெட்டியாகவே விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு மினி பி.சி. வைத்துத் தேடும் வேலையை மட்டும் அதற்குக் கொடுக்கலாம்.

அடுத்தது டிஸ்க். நம் பக்கம் யாரும் ரெக்கார்டர் பற்றிக் கேட்கும் ஒரே கேள்வி, "எத்தனை நாள் பேக்கப் வரும்?" என்பது. அதற்கு மனக்கணக்காகவே ஒரு வழி உண்டு. நொடிக்கு 1 மெகாபிட் வீதம் ஒரு கேமரா நாள் முழுக்க எழுதினால் 10.8 ஜிபி. எச்.265 என்ற படம் சுருக்கும் முறையில் 2 மெகாபிக்சல் கேமராவுக்கு 2 மெகாபிட் வைத்தால் நாளுக்கு 21.6 ஜிபி. எட்டு கேமராவுக்கு 172.8 ஜிபி. 4 டிபி டிஸ்கில் 23 நாள் வரும். அதே எட்டும் 4 மெகாபிக்சலாகி, ஒவ்வொன்றுக்கும் 4 மெகாபிட் வைத்தால் பதினொன்றரை நாள்தான். பெட்டியானாலும் கம்ப்யூட்டரானாலும் இந்தக் கணக்கு மாறாது. சாஃப்ட்வேரில் ஒரு சலுகை மட்டும் உண்டு: வெறும் வராந்தா ஓடும் நேரத்தை மூன்று நாளில் அழித்துவிட்டு, மனிதர் வந்த துண்டுகளை மட்டும் ஒரு மாதம் வைத்திரு என்று தனித்தனியாகச் சொல்லலாம்.

டிஸ்க் வகையில் தயவுசெய்து சிக்கனம் பார்க்காதீர்கள். வீட்டுக் கம்ப்யூட்டருக்கான சாதாரண டிஸ்குகள் பலவற்றை வருடத்துக்கு 2,400 மணி நேரம், 55 டிபி எழுத்து என்ற அளவுக்கே வடிவமைக்கிறார்கள். மேலே சொன்ன எட்டு கேமரா கணக்கில் வருடத்துக்கு 63 டிபி ஆகிறது. வருடம் முழுக்க ஓட 8,760 மணி நேரம். வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற கண்காணிப்பு டிஸ்குகள் 24 மணி நேர ஓட்டத்துக்கும் வருடத்துக்கு 180 டிபி வரைக்கும் ஆனவை. சும்மா கிடந்த பழைய டிஸ்கைக் கம்ப்யூட்டரில் மாட்டிச் சாஃப்ட்வேர் ஓட்டுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. விண்டோஸோ லினக்ஸோ இருக்கும் டிஸ்க் வேறு, ரெக்கார்டிங் டிஸ்க் வேறாக இருப்பதும் அவசியம்.

கம்ப்யூட்டரின் பலத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. ரெக்கார்டிங் செய்யப் பெரிய செயலி தேவையில்லை. கேமரா ஏற்கனவே சுருக்கி அனுப்பும் படத்தை அப்படியே டிஸ்கில் எழுதுவதுதான் வேலை. பாரம் ஏறுவது படத்தைப் பிரித்துப் பார்க்கும்போது, அதாவது டிகோட் செய்யும்போது. இன்டெல் ஆறாம் தலைமுறைக்கு முந்தைய செயலிகளில் எச்.265-க்கு முழுமையான வன்பொருள் டிகோட் கிடையாது. எல்லாப் பாரமும் செயலியின் தலையில் விழும், விசிறி இரையும், படம் விட்டு விட்டு வரும். பழைய கம்ப்யூட்டர்தான் இருக்கிறது என்றால் கேமராவை முந்தைய சுருக்கும் முறையான எச்.264-க்கு மாற்றுங்கள், அல்லது அசைவு பார்க்க மட்டும் கேமரா கூடவே அனுப்பும் சின்ன அளவுப் படமான சப்-ஸ்ட்ரீமைக் கொடுத்து, ரெக்கார்டிங்குக்கு முழு அளவுப் படமான மெயின் ஸ்ட்ரீமைக் கொடுங்கள். ஃபிரிகேட்டில் இப்படித்தான் அமைக்கச் சொல்கிறார்கள். இன்னொன்று, விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் அதையே நம்பிப் புதிதாக ஒரு ரெக்கார்டர் அமைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

கரண்ட் பற்றிப் பேசாமல் கடலூரில் எதையும் வாங்க முடியாது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது இங்கே பல ஊர்களுக்குக் கரண்ட் திரும்ப வர வாரக்கணக்கில் ஆனது. அந்த அளவு இல்லாவிட்டாலும் மழைக்காலத்தில் நாலைந்து மணி நேரம் போவது சாதாரணம். எட்டு சேனல் பெட்டி டிஸ்கோடு சேர்த்து சுமார் 15 வாட் எடுக்கும் என்று வையுங்கள். சாதாரண டெஸ்க்டாப் 60 வாட். இந்த 45 வாட் வித்தியாசம் இரண்டு மாத பில்லில் கிட்டத்தட்ட 65 யூனிட். மினி பி.சி. வாங்கினால் பெட்டிக்கு ஏறக்குறைய சமமாகிவிடும். ஆகையால் புதிதாக வாங்குவோருக்கு டெஸ்க்டாப்பை நான் சொல்வதே இல்லை. இன்வெர்ட்டரில் ஓட்டும்போது கேமராவும் சுவிட்சும் எடுப்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். கேமராவுக்கு இன்வெர்ட்டர் லைன் கொடுக்காமல் ரெக்கார்டருக்கு மட்டும் கொடுத்து, கருப்புத் திரையை ஒழுங்காக ரெக்கார்டிங் செய்துகொண்டிருந்த ஒரு வீட்டை மஞ்சக்குப்பத்தில் பார்த்தேன்.

கம்ப்யூட்டருக்கு இங்கே இரண்டு வேலை கூடுதலாக உண்டு. ஒன்று, பயாஸ் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) செட்டிங்கில் கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி மாற்றுவது. அது பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் முதலில் ஆஃப் ஆகத்தான் இருக்கும். இரண்டு, இன்வெர்ட்டரை யு.பி.எஸ். மோடில் வைப்பது, இல்லாவிட்டால் கரண்ட் மாறும் அந்தக் கண நேரத்தில் கம்ப்யூட்டர் விழுந்து எழும். அமைத்து முடித்ததும் வாடிக்கையாளர் கண் முன்னாலேயே மெயினை ஆஃப் செய்து, இன்வெர்ட்டரையும் ஆஃப் செய்து, ஐந்து நிமிடம் விட்டு ஆன் செய்து காட்ட வேண்டும். யாரும் கை வைக்காமல் ரெக்கார்டிங் தொடங்கினால்தான் வேலை முடிந்தது. உங்களுக்கு அமைத்துக் கொடுப்பவரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் தண்ணீர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. ஓரிரு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரின் ஆற்றோரப் பகுதிகளையும் மூழ்கடித்தது. அந்த வாரம் நான் திறந்து பார்த்த ரெக்கார்டர்களில் ஒன்றைச் சாய்த்தபோது உள்ளேயிருந்து சேறு கலந்த தண்ணீர் மேஜையில் கொட்டியது. டிஸ்கின் அடிப்பக்கத்தில் பச்சைப் பலகை மேல் மெல்லிய வண்டல் படிந்து காய்ந்திருந்தது. அதை டி.வி. ஸ்டாண்டின் அடித்தட்டில் வைத்திருந்தார்கள். பெட்டியோ கம்ப்யூட்டரோ, ஆள் உயரத்துக்கு மேல் பரணிலோ சுவர் ரேக்கிலோ ஏறட்டும். திருடன் வந்தாலும் முதலில் பிடுங்குவது கைக்கு எட்டும் பெட்டியைத்தான். கடலோரம் என்பதால் வெளியே உள்ள ஒயர் முனைகளில் (அனலாக் கேமராவின் பி.என்.சி., ஐ.பி. கேமராவின் ஆர்.ஜே. 45) உப்புக்காற்று பச்சை பிடிக்க வைக்கும். தேவனாம்பட்டினம் பக்கம் அவற்றைத் திறந்தபடி விட்டால் நிலைக்கவே நிலைக்காது. மூடிய டப்பாவுக்குள் போடுங்கள்.

சாஃப்ட்வேரில் முக்கியமான துண்டுகளை உடனுக்குடன் வேறு இடத்துக்கு நகல் எடுக்க வழிகள் அதிகம். கடை ரெக்கார்டரிலிருந்து வீட்டில் இருக்கும் டிஸ்குக்கு இரவோடு இரவாக அனுப்பிவிடலாம். பெட்டியிலும் சிலவற்றில் நகலை வெளியே அனுப்பும் எஃப்.டி.பி.யோ கிளவுடோ இருக்கும், ஆனால் கம்பெனி கொடுத்த அளவுக்குத்தான்.

பாதுகாப்பு விஷயத்தில் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 2016-இல் மிராய் என்ற தீம்பொருள், மாற்றப்படாத ஆரம்பப் பாஸ்வேர்டுகளை வைத்தே உலகம் முழுக்க லட்சக்கணக்கான டி.வி.ஆர்.களையும் ஐ.பி. கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்தது. அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர் போன்ற பெரிய தளங்கள் திறக்காமல் போனதற்குப் பின்னால் இப்படிப்பட்ட கருவிகள்தான் இருந்தன. பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளை அப்டேட் செய்யும் வழக்கம் நம்மிடம் இல்லை. பழைய மாடலுக்குக் கம்பெனியும் ஒரு கட்டத்தில் அப்டேட்டை நிறுத்திவிடும். சாஃப்ட்வேர் ரெக்கார்டரில் அப்டேட் தொடர்ந்து வரும், ஆனால் போட ஆள் வேண்டும். எதுவானாலும் ரௌட்டரில் போர்ட் (வெளியிலிருந்து கருவிக்கு நேராக வரும் வழி) திறந்து விடாதீர்கள். வெளியிலிருந்து பார்க்க வேண்டும் என்றால் டெய்ல்ஸ்கேல், வயர்கார்டு போன்ற வி.பி.என். (பூட்டிய தனிப்பாதை) வழியாகப் பாருங்கள், பெட்டியின் ஆப் வழியாகப் பார்த்தால் நீளமான பாஸ்வேர்டு வையுங்கள், கடைப்பெயரும் 123-உம் வேண்டாம். கேமராவைப் பொறுத்தவரை 2025 ஏப்ரல் 9 முதல் மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனை விதி கட்டாயமாகியிருக்கிறது. வாங்கும்போது அந்தச் சான்று உள்ள மாடலா என்று கேளுங்கள்.

"சாஃப்ட்வேர் ரெக்கார்டிங் கோர்ட்டுல செல்லாது" என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். அப்படி எதுவும் சட்டத்தில் இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குச் சான்றிதழ் கேட்கிறது. பழைய சட்டத்தில் 65பி என்று இருந்ததன் இடத்தில் வந்தது. சான்றிதழ் படிவத்தில் எந்தக் கருவியிலிருந்து எடுத்தது என்று டிக் அடிக்கும் கட்டங்களில் கம்ப்யூட்டரும் உண்டு, டி.வி.ஆரும் உண்டு. கருவியின் மாடல், சீரியல் எண், கோப்பின் ஹேஷ் மதிப்பு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு) எல்லாம் எழுத வேண்டும். இங்கே உண்மையில் வம்பு வருவது கடிகாரத்தால். மதர்போர்டில் உள்ள காசு அளவு பேட்டரி தீர்ந்துபோன பெட்டி, கரண்ட் போய் வந்ததும் தேதியைப் பல வருடம் பின்னால் கொண்டுபோய் வைத்துவிடும். அந்தத் தேதியோடு போலீஸ் நிலையத்தில் போய் நின்றால் விளக்கம் சொல்லியே ஓய்ந்துவிடுவீர்கள். என்.டி.பி. என்று ஒரு செட்டிங் இருக்கும். ஆன் செய்தால் இணையத்திலிருந்து நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். கம்ப்யூட்டரில் இது பெரும்பாலும் முதலிலிருந்தே ஆன் ஆகத்தான் இருக்கும். கோப்பு வடிவத்திலும் கம்ப்யூட்டருக்கு ஒரு நன்மை உண்டு: ஃபிரிகேட் போன்றவை எம்.பி.4 ஆகவே கொடுக்கும். சில பெட்டிகள் தங்கள் சொந்த பிளேயரில் மட்டுமே ஓடும் கோப்பைக் கொடுக்கும். பென்டிரைவில் காப்பி எடுக்கும்போதே பிளேயரையும் சேர்த்து எடுக்க மறந்தால் இன்னொரு நடை நடக்க வேண்டியதுதான்.

புதிதாக வீடோ கடையோ கட்டுகிறவர்களுக்கு ஒன்று. ரெக்கார்டரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், சுவருக்குள் போன ஒயரை மாற்ற முடியாது. ஆகவே கேட் 6 நெட்வொர்க் ஒயர் போட்டு ஐ.பி. கேமரா வையுங்கள். பி.ஓ.இ. மூலம் அதே ஒயரில் கரண்டும் போகும்; 100 மீட்டர் வரை வரும். ஆனால் பின்னால் பி.ஓ.இ. துளைகள் உள்ள என்.வி.ஆரில் கேமராவை நேராகச் சொருகும்போது ஒரு சிக்கல் உண்டு. அந்தப் பெட்டி கேமராக்களுக்குத் தனியாக ஒரு உள் நெட்வொர்க் போட்டுக்கொள்ளும். வெளியிலிருந்து கம்ப்யூட்டரால் கேமராவை எளிதில் தொட முடியாது. பின்னாளில் சாஃப்ட்வேர் சேர்க்க நினைத்தால் அங்கேயே தடுமாறுவீர்கள். தனி பி.ஓ.இ. சுவிட்ச் வாங்கி அதில் கேமராக்களைச் சொருகி, பெட்டியையும் அதிலேயே இணைத்தால் இரண்டு வழியும் திறந்தே இருக்கும். முதல் நாளில் ஒரு சுவிட்சின் விலைதான் கூடுதல்.

இப்போது என் கணக்கு. முதியவர்கள் மட்டும் இருக்கும் வீடு, நாலு கேமரா கடை, பூட்டியே கிடக்கும் தோப்பு வீடு: யோசிக்காமல் பெட்டி. மாதம் ஒரு முறை தேட வேண்டிய தேவைகூட அங்கே வராது. பத்து கேமராவுக்கு மேல் உள்ள ஆலை, கிடங்கு, ஆள் நடமாட்டம் அதிகமுள்ள விடுதி, வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை ஊரிலேயே இருக்கும் குடும்பம்: மினி பி.சி.யில் சாஃப்ட்வேர். பிள்ளை சென்னையிலோ துபாயிலோ இருந்துகொண்டு "நான் அங்கிருந்தே பாத்துக்கறேன்பா" என்றால் அதை ஆள் இருப்பதாக நான் எடுத்துக்கொள்வதில்லை; பரணில் ஏறி ஒயரை அழுத்திப் பார்க்க ஒருவர் வேண்டும். லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம் பக்கத்து அடுக்குமாடிகளில் சங்க நிர்வாகிகள் வருடா வருடம் மாறுவார்கள். ஒருவர் ஆர்வமாகச் சாஃப்ட்வேர் போட்டுவிட்டு அடுத்த வருடம் விலகிவிட்டால் பாஸ்வேர்டே யாருக்கும் தெரியாது. அங்கேயும் பெட்டிதான்.

இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் நான் இப்போது அதிகம் செய்வது. ரெக்கார்டிங்குக்குப் பெட்டி, அதே கேமராக்களின் சப்-ஸ்ட்ரீமை எடுத்து ஆள் வந்தால் போனுக்குச் சொல்ல ஒரு மினி பி.சி. கம்ப்யூட்டர் நின்றாலும் பெட்டி எழுதிக்கொண்டிருக்கும். கேமராவிலேயே மெமரி கார்டு போட இடம் இருந்தால் அதையும் போட்டுவிடுவேன். ரெக்கார்டரே போய்விட்டாலும் கடைசி சில நாள் அதில் இருக்கும்.

மருந்துக்கடை அக்காவுக்கு என்ன செய்தேன் என்றால், பழைய பெட்டியையே வைத்துக்கொண்டேன். பெட்டியில் குற்றமில்லை. புதிய கண்காணிப்பு டிஸ்க் மாட்டி, ஓவர்ரைட் ஆன் செய்து, பீப்பையும் ஆன் செய்து, டிஸ்க் பிழை வந்தால் போனுக்குச் செய்தி வரும்படி வைத்தேன். சாஃப்ட்வேர் சேர்க்கலாமா என்று அவரே கேட்டார். கடையில் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எம் பொண்ணு பாலிடெக்னிக் முடிக்கட்டும் தம்பி, அப்பறம் போடலாம்" என்றார். அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை காலை சாமி படத்துக்குப் பூ வைத்த கையோடு, முந்தின இரவு மூன்று மணி ரெக்கார்டிங்கைத் திறந்து ஒரு நிமிடம் ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அந்த நேரத்துக் கடை வாசலில் பெரும்பாலும் ஒரு நாய் படுத்திருக்கும். நாய் தெரிந்தால் போன் செய்ய மாட்டார்.